துர்துகானும் வலது பக்க லாக் பின்னும்

தடுப்பூசி போடக் கிளம்பும் நாளில் துர்துகான் அக்கா முதலில் பார்ப்பது மருந்துப் பெட்டியை அல்ல. ஜீப்பின் பின்பக்கம் போய்க் குனிந்து, பம்பரில் இருக்கிற இரண்டு லாக் பின்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். 'டக்'கென்று மேலே வந்து, விட்டால் 'டக்'கென்று கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரிதான். டிரைவருக்கும் திட்டு, பதிவேடு எழுதுகிற எனக்கும் திட்டு, வழியில் குறுக்கே போகிற யாக் எருமைக்கும் திட்டு.

அந்த ஜீப், மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் போகும்போது எங்கள் மருத்துவ நிலையத்துக்கு விட்டுப்போனது. பின்னால் வாசற்படி கனத்துக்கு ஓர் இரும்பு பம்பர். அதன் இரண்டு முனையிலும் கேட் மாதிரித் திறக்கிற இரண்டு இரும்புக் கைகள். இடது கையில் பெட்ரோல் கேன்கள், வலது கையில் ஸ்டெப்னி. ஒவ்வொரு கையின் நுனியிலும் விரல் பருமனில் ஸ்பிரிங் வைத்த ஒரு பின். அது பம்பரில் இருக்கிற ஓட்டைக்குள் இறங்கிக் கையைப் பூட்டிக்கொள்ளும். பின் மேலே வந்தால்தான் கை திறக்கும். இரண்டு கையும் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். பின்கதவு திறந்தால்தான் ஆட்டுத்தோலில் சுற்றி வைத்திருக்கிற மருந்துப் பெட்டி வெளியே வரும்.

"இத்தனை பெரிய மலையெல்லாம் ஏறத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கதவை ஒழுங்கா வைக்கத் தெரியல பாரு" என்பாள் அக்கா.

அவள் ஹோரோக் நகரத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, மலைமேல் இருக்கிற எங்கள் ஊரான முர்காபுக்கு மருமகளாக வந்து முப்பத்தோரு வருஷம். முதல் ஆறு வருஷம் குதிரையில் போய் ஊசி போட்டாள். அப்புறம் யாராவது லாரிக்காரர் ஏற்றிக்கொண்டால் லாரியில். அவள் கையால் ஊசி வாங்கி வீறிட்ட குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "பார்த்துப் போடுங்க அக்கா, உங்க கை கனம்" என்கிறார்கள். அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் அடுப்பு பார்ப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் பேசாத பேச்சையெல்லாம் பேசுவதற்கென்றே பிறந்தவர் அவருடைய தம்பி அப்சமத். எங்கள் ஜீப்பின் டிரைவர்.

புகுந்த வீட்டு ஆண்களின் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமான வாரத்துக்குள் ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சாகிறவரை அதுதான். அப்சமத்துக்கு அப்போது பதினாறு வயது. புதுப்பெண்ணுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தான். அதில் மயங்கிப்போய் அக்கா அவனுக்கு 'தங்கத் தம்பி' என்று பேர் வைத்துவிட்டாள். "நாலு வாளித் தண்ணியில ஏமாந்தேன்" என்று இன்றைக்கும் சொல்வாள். இப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது, முன்பல் இரண்டு இல்லை, திட்டும்போதும் தங்கத் தம்பிதான். "தங்கத் தம்பி, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று நடுத்தெருவில் கேட்பாள். கேட்கிறவர்கள் சிரித்துச் சாவார்கள்.

ஜீப் வந்த முதல் கோடையில் அப்சமத் அந்தப் பின்களுக்குக் கை நிறைய கிரீஸ் அப்பினார். எங்கள் ஊர்க் காற்றில் இருப்பதில் பாதி மண். ஒரே வாரத்தில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து அரைத்த சாந்து மாதிரி ஆகி, இரண்டு பின்னும் உட்கார்ந்துவிட்டன. ஓஷ் நகரத்துக்குப் போகிற லாரிக்காரர் ஒருவர்தான் அக்காவிடம் சொன்னார்: இந்த மண்ணுக்குப் பிசுபிசுப்பே ஆகாது, பெட்ரோல் துணியால் துடை, காயவிடு, பென்சில் கரியைச் சுரண்டித் தூவு, ஸ்பிரிங்குக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அக்கா அதை மருந்துச் சீட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை தவறினாலும் பின் துடைப்பது தவறாது. நஷ்டம் எனக்குத்தான். பதிவேட்டுக்கென்று வருகிற பென்சில்களெல்லாம் அவளுடைய பேனாக்கத்திக்கே போயின. "எழுதறதுக்குப் பேனா இருக்கில்ல? சும்மா இரு" என்பாள்.

போன நவம்பரில் மகளுக்குப் பிரசவம் என்று அக்கா பத்து நாள் ஓஷுக்குப் போனாள். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே எங்களுக்கு மலைக்குப் பின்னால் ஆடு மேய்ப்பவர்கள் தங்குகிற குளிர்காலப் பட்டிக்குப் பயணம். நாலு வீடு, பதினோரு குழந்தைகள். அந்தப் பட்டிக்கு மட்டும் அக்கா வேறு யாரையும் அனுப்ப மாட்டாள். முந்தின குளிர்காலம் அங்கே கக்குவான் இருமல் வந்தது. பனியில் வழி அடைத்துக்கொண்டு ஊசி போய்ச் சேரவில்லை. பூசைரா என்ற பெண்ணின் மூத்த பிள்ளை நாற்பது நாள் இருமிப் பிழைத்தது, சின்னது பிழைக்கவில்லை. இப்போது அவள் கையில் மூன்று மாதக் குழந்தை ஒன்று. இந்த முறை மருந்து வீணானால் அடுத்த பெட்டி வசந்தத்தில்தான்.

பயணக் களைப்போடு வந்த அக்கா அன்று பம்பருக்குப் பக்கத்தில் போனாள். குனியவில்லை. பின்கள் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"யாரு துடைச்சது?"

"நான்தான் அண்ணி" என்றார் அப்சமத். "நீங்க இல்லாதப்ப வண்டியை அப்படியே போட்டு வைப்பேன்னு நினைச்சீங்களா? முந்தாநாள் சாயங்காலம் மெனக்கெட்டு உட்கார்ந்து பண்ணினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "பரவாயில்லையே தங்கத் தம்பி. நல்லா பண்ணியிருக்கீங்க."

முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் பாராட்டு. மனுஷர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே நாலு மணி நேரம் ஓட்டினார். வழியெல்லாம் தன் அம்மா இதைக் கேட்க உயிரோடு இல்லையே என்று வருத்தப்பட்டார்.

பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. காற்று வேறு. எல்லாக் குழந்தைகளையும் பூசைரா வீட்டிலேயே கூட்டி வைத்திருந்தார்கள். பூசைரா கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். "உள்ள போம்மா, காத்தடிக்குது, பெட்டிய எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் அக்கா.

இடது பின்னை அக்கா தூக்கினாள். முனகிக்கொண்டு வந்தது. பெட்ரோல் கேன்கள் இருந்த கை திறந்தது. வலது பின்னைத் தூக்கினாள். அசையவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தூக்கினாள். அசையவில்லை.

"தள்ளுங்க அண்ணி, இதுக்கெல்லாம் ஆம்பளைக் கை வேணும்" என்று அப்சமத் வந்து பின்னின் வளையத்தில் இரண்டு விரலைக் கோத்து ஒரு இழுப்பு இழுத்தார். வளையம் கையோடு வந்தது. பின் அப்படியே இருந்தது.

மூன்று பேரும் அந்த வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"ஆம்பளைக் கை" என்றாள் அக்கா.

சிரிக்கிற நேரமில்லை அது. அந்த மருந்து சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். பெட்டியின் சுவர் தடிமன்தான், ஆட்டுத்தோலும் உண்டு. ஆனால் ஏற்கெனவே நாலு மணி நேரம் சூடு போகாத பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் சொல்ல முடியாது என்று அக்கா கணக்குப் போட்டாள். முன்பக்கமாகப் புகுந்து எடுக்கலாம் என்றால், சீட்டுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை கம்பி வலை. ஒரு தடவை பள்ளத்தில் இறங்கும்போது மாவு மூட்டை பறந்துவந்து என் தலையில் விழுந்ததால் அப்சமத்தே பற்றவைத்தது. அவர் செய்கிற வேலையெல்லாம் அப்படித்தான். தேவையில்லாத இடத்தில் உறுதியாக இருக்கும்.

அக்கா கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்தாள்.

"அண்ணி! கண்ணாடி வேணாம்! ஓஷ்லயே கிடைக்காத கண்ணாடி அது. இந்தக் குளிர்ல திறந்த வண்டியில எப்படித் திரும்பிப் போறது? மூணு பேரும் விறைச்சுப் போயிடுவோம்."

"குழந்தைங்களுக்கு ஊசி இல்லாம திரும்பிப் போறதுக்கு விறைச்சே போகலாம்."

"கால் மணி நேரம் குடுங்க. கால் மணி நேரம்!"

"உள்ள டீ கொதிச்சு இறங்கற வரைக்கும். அப்புறம் நான் உங்களைக் கேக்க மாட்டேன்." கல்லைப் பம்பர் மேலேயே வைத்தாள்.

அதற்குள் பூசைராவின் நாய் வந்துவிட்டது. ஆடு காக்கிற பெரிய நாய். எங்கள் யாரையும் மதிக்காமல் நேராக ஜீப்பின் பின்னால் போய், வலது பின்னை முகர்ந்து, நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. விரட்டினால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

அக்கா குனிந்து, நாய் நக்கின இடத்தை நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனாள். நிமிர்ந்தபோது அவள் முகம் ரொம்ப அமைதியாக இருந்தது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"தங்கத் தம்பி."

"அண்ணி."

"இதுல என்ன போட்டீங்க?"

"போடறதைத்தான் போட்டேன்."

"பேர் சொல்லுங்க."

"வால் கொழுப்பு" என்றார் அப்சமத். எங்கள் பக்கத்து ஆட்டின் வாலில் இருக்கிற கொழுப்பு. "இப்பத்தான் வீட்ல ஆடு அடிச்சோம். நல்ல வெள்ளை வெளேர்னு கொழுப்பு அண்ணி, சமையலுக்கு வச்சிருந்ததுல இருந்து எடுத்துத் தடவினேன். எங்கப்பா சேணத்து பக்கிளுக்கெல்லாம் இதைத்தான் போடுவாரு. செருப்புக்கு இது, வண்டி அச்சுக்கு இது. முப்பது வருஷம் துரு புடிச்சதில்ல."

"உங்கப்பா சேணம் குதிரை மேல இருந்தது. குதிரை சூடா இருக்கும். பம்பர் சூடா இருக்குமா?"

அப்சமத் பம்பரைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்க எங்க உட்கார்ந்து போட்டீங்க?"

"கொட்டகையில. அடுப்புப் பக்கம். அங்க நல்லாத்தான் வழுக்கிட்டு வந்தது."

"வழுக்கும். ஏன் வழுக்காது? குழம்புல போட்டாலும் வழுக்கும்." அக்கா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். "இதைப் பார்த்து நான் பாராட்டினேன்! குனிஞ்சு ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பளபளன்னு இருந்ததும் பல்லைக் காட்டிட்டேன். என்னைச் சொல்லணும்."

உண்மையில் அவளுக்குக் கோபம் அவர் மேல் பாதி, அவள் மேல் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்து வெளியே வந்தது அவர் மேல்தான்.

அவள் முட்டி போட்டு பின்னை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கொழுப்பு மெழுகாக இறுகி, பின்னையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கவ்வியிருந்தது. அதில் நாலு மணி நேரத்து மண் வேறு. "கொழுப்புன்னா சூடு காட்டினா இறங்கிடும். இரும்பு மட்டும் சூடாகணும்..." என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். 'சூடு' என்ற வார்த்தை மட்டும் அப்சமத்தின் காதில் விழுந்திருக்கிறது. ஒரே ஓட்டமாக உள்ளே போய், கொதிக்கிற கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நகருங்க அண்ணி!"

அக்கா திரும்பினாள். "அப்சமத்! ஊத்தாதே!"

ஊற்றிவிட்டார்.

தண்ணீர் ஆவியாகக் கிளம்பியது. பம்பர் மேல் வழிந்தது. வழிந்த இடத்திலேயே வெள்ளையாகி, எங்கள் கண் முன்னாலேயே கண்ணாடியாக உறைந்தது. பின்னின் தலையைச் சுற்றி அழகான ஓர் ஐஸ் தொப்பி.

எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தோம். ஐஸை அல்ல. வாசலில் நின்ற பூசைரா வாயில் கை வைத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருஷமாக அந்தப் பேர் அக்கா வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு தடவை அவர் ஆற்றில் விழுந்தபோதுகூட, "தங்கத் தம்பி ஆத்துல போறாரு" என்றுதான் கத்தினாளாம். அப்சமத் காலியான கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

அக்காவுக்கு அதை நினைக்க நேரமில்லை. "பூசைரா, அடுப்பு கிளறற கம்பி இருக்கா? ரெண்டு இருந்தா ரெண்டும். சாணி நெருப்புல நல்லா சிவக்கிற வரைக்கும் வை. நீங்க," என்று அப்சமத்தைப் பார்த்தாள், எந்தப் பேரும் சொல்லாமல், "முதல்ல அந்தப் பெட்ரோல் கேனையெல்லாம் கழட்டி அந்தப் பட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைங்க. வண்டியோட சேர்த்து எங்களையும் வறுத்துடாதீங்க."

கேன்கள் போயின. சுத்தியால் தட்டி ஐஸை உடைத்தோம். சிவந்த கம்பியைக் கம்பளத் துண்டால் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். பின் நுழைகிற குழாயின் மேல் அதை வைத்து அழுத்தினாள். மிச்ச ஐஸ் சீறியது. அப்புறம் கொழுப்பு சீறியது. கம்பி ஆறிப்போக, இரண்டாவது கம்பி. மறுபடி முதல் கம்பி. வறுத்த கறி வாசனை பட்டி முழுக்கப் பரவியது. குழந்தைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டன. "ஊசிக்காரம்மா வண்டியைச் சமைக்கிறாங்க!" என்று ஒன்று கத்தியது.

"நேரம் என்னடி?" என்றாள் என்னிடம்.

"ரெண்டு பத்து அக்கா."

கல் பம்பர் மேலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்சமத்தும் பார்த்தார். அப்புறம் அந்த ஐஸ் தரையில் மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் தலையை விட்டு, கூடார முளை ஒன்றைப் பின்னின் அடிமுனைக்கு நேராக வைத்தார்.

"அண்ணி, நீங்க மேலேருந்து சூடு காட்டிட்டே இருங்க. நான் கீழேருந்து தட்டறேன்."

"தட்டுங்க. மூஞ்சிய அந்தப்பக்கம் திருப்பிட்டுத் தட்டுங்க, கொழுப்பு சொட்டுது."

முதல் அடி. இரண்டாவது. மூன்றாவது அடியில் பின் ஒரு நகக்கண் அளவு எழுந்தது. உருகின கொழுப்பு அவர் கழுத்தில் சொட்டியது. ஐயோ என்றார், கையை நிறுத்தவில்லை. ஆறாவது அடியில் பின் மேலே துள்ளியது. நான் ஸ்டெப்னியோடு சேர்த்துக் கையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டெப்னி கை ஓர் ஊளையோடு திறந்தது.

பெட்டியை அக்காதான் தூக்கினாள். யாரையும் தொடவிடவில்லை. உள்ளே போய் விளக்குக்கு அருகில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, மருந்துக்கு நடுவில் வைத்திருக்கிற சின்னக் கருவியை எடுத்தாள். உறைந்திருந்தால் அதில் பெருக்கல் குறி வரும். உறையாவிட்டால் டிக். அவள் அதைப் பார்க்காமல் முதலில் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். பூசைரா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

டிக்.

"அப்பாடா" என்றேன் நான்.

"இரு" என்றாள் அக்கா. பெட்டியின் ஓரத்தில் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் திரி திரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கவில்லை. கடைசிக் குப்பியையும் பார்த்த பிறகுதான் கோட்டைக் கழற்றினாள். தேநீர் ஒரு கிண்ணம் குடித்து, கையைச் சூடாக்கிக்கொண்டு, "யாரு முதல்ல?" என்றாள்.

பூசைரா முதலில் வந்தாள். கைக்குழந்தை வீறிட்டது. "கனமான கை அக்கா உங்களுக்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பதினோரு குழந்தைகளில் ஒன்று வீட்டுத் துணிப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து, அதைத் தேட அரை மணி நேரம் ஆனது. பதினொன்றையும் நான் பதிவேட்டில் எழுதினேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால், அப்சமத் உள்ளே வந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை. பம்பர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு பின்னையும் ஸ்பிரிங்கையும் கழற்றி, பெட்ரோல் துணியில் துடைத்து, ஒரு பழைய தட்டில் வரிசையாக வைத்திருந்தார். வழித்தெடுத்த கொழுப்பை நாய் முடித்துவிட்டு இன்னும் வருமா என்று காத்திருந்தது. விரல் நுனியெல்லாம் அவருக்கு நீலம் பாரித்திருந்தது.

அக்கா என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். கேட்கவெல்லாம் இல்லை. பேனாக்கத்தியோடு அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். சுரண்ட ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தாமலே, "அண்ணி, பேரைச் சொல்லிட்டீங்க" என்றார்.

"வாயில வந்துடுச்சு."

"பூசைரா கேட்டுட்டா. இந்த வாரத்துக்குள்ள முர்காப் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"இன்னொரு தடவை வராதில்ல?"

அக்கா குனிந்து, அவர் தூவின கரி எல்லாப் பக்கமும் சமமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பின்னை எடுத்துக் குழாயில் விட்டுத் தூக்கிப் பார்த்தாள். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள். விழுந்தது.

"அது உங்க கையில இருக்கு, தங்கத் தம்பி" என்றாள். "இன்னொண்ணையும் தேய்ங்க. வெளிச்சம் போறதுக்குள்ள கிளம்பணும்."